மணியடித்தால் போதுமா?

ஐப்பசி மழை பெய்துவிட்டால் பசுவந்தனை வட்டாரத்துக் கரிசல் மண் மிதிவண்டிச் சக்கரத்தில் அப்பி, மட்கார்டுக்குள் அடைந்து, வண்டியை நகரவிடாது. ஆகவே நடப்போரும், ஆடு மேய்ப்போரும், மிதிவண்டியில் செல்வோரும் தார்ச்சாலையின் ஓரத்தையே நாடுவர்.

அத்தகைய மாலையொன்றில் நோயாளி ஒருவரைச் சந்திக்க மிதிவண்டியில் விரைந்தேன். முன்னே விறகுக் கட்டுடன் ஒரு மூதாட்டி. மணியடித்தேன், விலகவில்லை. பலமுறை அடித்தும் பயனில்லை. சினத்தோடு உரசியவாறு கடந்தேன். கட்டு சரிந்து விழுந்தது.

"எனக்குக் காது மந்தம் சாமி. கிட்ட வந்து கூப்பிட்டிருந்தா ஒதுங்கியிருப்பேனே" என்றார். ஒருவருக்கு ஆறுதல் கூறச் சென்றவன் வழியில் இன்னொருவரை வருத்திவிட்டேன்! கட்டைத் தூக்கிவிட்டு, வண்டியைத் தள்ளியபடி ஊர்வரை அவருடன் நடந்தேன். நோயாளி எனக்காகக் காத்துத்தான் இருந்தார்.

இடப்பக்கம் செல்வதும், வலப்பக்கமாக முந்துவதும் சாலை விதி. மணியோ முன்னறிவிப்பு, கட்டளையன்று. தமிழக அரசு 2001-02-இல் தொடங்கிய இலவச மிதிவண்டித் திட்டத்தின் பயனாக, நம் பிள்ளைகள் பலர் மிதிவண்டியில் பள்ளி செல்கின்றனர். பெற்றோரே, அவர்களுக்குச் சொல்லுங்கள்: வரிசையாகச் செல்லுங்கள், தொலைவிலேயே மணியடியுங்கள், முன்னே செல்பவர் விலகாவிடில் வேகத்தைக் குறையுங்கள், தேவையெனில் இறங்கி, "பாட்டி, கொஞ்சம் வழி விடுங்கள்" என்று கேளுங்கள். நாம் மணியடித்ததைவிட, அவருக்குக் கேட்டதா என்பதே முக்கியம்.