சாவியைத் திருப்பிய பின்னும்



கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் வேலை செய்யும் நம் சபையாருக்கு டீசல் ஜெனரேட்டர் புதிதல்ல. மற்றவர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். மின்சாரம் நின்றதும் உறுமத் தொடங்கி, அது திரும்பியதும் அடங்க வேண்டிய இயந்திரம் அது. ஆனால் சில வேளைகளில் சாவியைத் திருப்பிய பின்னும் அடங்குவதில்லை.

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் உண்டு. பொறி நின்றால் எஞ்சினும் நிற்கும். டீசல் எஞ்சினில் அந்தப் பொறி இல்லை. அமுக்கப்பட்ட காற்று 500 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடேறி, பீய்ச்சப்படும் டீசலைப் பற்றவைக்கிறது. ஆகவே அதை நிறுத்த டீசல் வரத்தை அடைக்க வேண்டும். அடைக்கும் சோலினாய்டு சிக்கிக்கொண்டால், பம்பிலுள்ள லீவரை மெக்கானிக் கையால் தள்ளி நிறுத்திவிடுவார். இது எளிய பழுது.

மற்றொன்று அபாயமானது. டர்போவின் ஆயில் சீல் தேய்ந்துபோனால், எஞ்சினின் சொந்த ஆயிலே காற்றோடு உள்ளே இழுக்கப்பட்டு எரிகிறது. அப்போது டீசலை முழுவதும் அடைத்தாலும் வேகம் ஏறிக்கொண்டே போகும். தன்னைத் தேய்மானத்திலிருந்து காக்க வேண்டிய ஆயிலையே எரித்து, எஞ்சின் தன்னை அழித்துக்கொள்ளும். அதை நிறுத்த, காற்று புகும் வாயை உறுதியான பலகையால் அடைக்க வேண்டும். வெறுங்கையை அருகில் கொண்டுபோகக் கூடாது.

பிரியமானவர்களே, சவுலின் கோபம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. 1 சாமுவேல் 24ஆம் அதிகாரத்தில், என்கேதியின் குகையில் தன்னைக் கொல்லாமல் விட்ட தாவீதைக் கண்டு சவுல் அழுகிறான். அவனே நீதிமான் என்று ஒப்புக்கொள்கிறான். பகைக்கு இனிக் காரணமில்லை. ஆயினும் 26ஆம் அதிகாரத்தில் 3,000 பேரோடு மறுபடியும் புறப்படுகிறான். இடையில் நடந்தது என்ன? தாவீது ஒளிந்திருக்கும் இடத்தைச் சீப் ஊரார் வந்து சொன்னார்கள். காற்று கிடைத்தது, உள்ளே கசிந்துகொண்டிருந்த பொறாமை பற்றிக்கொண்டது.

நம் வீடுகளையும் பாருங்கள். பாகப்பிரிவினை முடிந்து பத்திரமும் பதிவாகிவிட்டது. அண்ணனும் தம்பியும் ஒரே திருவிருந்தில் பங்குபெறுகிறார்கள், ஆனால் பேசுவதில்லை. எல்லாம் தீர்ந்த பின்னும் எரிந்துகொண்டிருப்பது எது? தூக்கமும் ஜெபமும் பிள்ளைகளின் சிநேகமும் அல்லவா? நம்மைக் காக்கும்படி தேவன் தந்த எண்ணெய் அது.

ஆகவே இந்த வாரம், அந்தப் பழைய சங்கதியை எவராவது எடுத்துக்கொண்டு வந்தால், அன்போடு பேச்சை மாற்றுங்கள். நீங்களும் அதை ஒருவரிடமும் சொல்லாதிருங்கள். காற்றை அடைப்பது இதுவே. ஆனால் காரியம் இதோடு முடிவதில்லை. சீலை மாற்றாமல் அந்த எஞ்சினை மறுபடி இயக்க நல்ல மெக்கானிக் சம்மதிக்கமாட்டார். சத்தம் அடங்கிய பின், கசிவு எங்கே என்று காட்டும்படி கர்த்தரிடம் கேளுங்கள். பிறகு, அடுத்த திருவிருந்துக்கு முன்பாக, அந்தச் சகோதரனுடைய வாசலுக்குப் போங்கள்.

சமாதானத்தின் தேவன் உங்களோடிருப்பாராக. ஆமென்.