அலகும் ஆழமும்

சங்கப் புலவர் பறவையைக் கண்டபோது அதன் இரையையும் கண்டனர். குறுந்தொகை 25ஆம் பாடலில் கபிலர் காட்டும் குருகு ஏதோவொரு மீனுக்காக நிற்கவில்லை, ஆரலுக்காகவே நிற்கின்றது. எந்தப் பறவை எதனை உண்கின்றது என்னும் அந்நுண்ணோக்கு இன்று விலங்கியலாரின் ஆய்வுப் பொருளாகியுள்ளது. அதனை விளக்கக் கிரான் பகுதி நல்லதோர் களமாகும்.

மட்டக்களப்பு வாவிக்கும் வாழைச்சேனைக் களப்புக்கும் இடைப்பட்ட தாழ்நிலத்தில் அமைந்தது கிரான். மேற்கே வயல்கள் விரிகின்றன. கோடையில் நீர்நிலைகள் வற்றிச் சேறு வெளிப்படும் ஆவணி, புரட்டாதியில் வடபுலத்துப் பறவைகள் வந்து சேர்கின்றன. அவை ஒரே சேற்றில் கூடினும் ஒரே பந்தியில் உண்பதில்லை. குறுகிய அலகும் பெரிய கண்ணும் உடைய உப்புக்கொத்தி சிறிது ஓடி, நின்று, மேற்பரப்பில் அசையும் புழுவையும் பூச்சியையும் கண்டு கொத்தும். பவளக்காலியின் அலகு ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் நீளமானது. ஆதலால் சற்றுக் கீழுள்ள இரையும் அதற்கு எட்டும். குதிரைமூக்கு உள்ளானின் வளைந்த அலகோ 10 சென்ரிமீற்றருக்கும் மேற்பட்டது. நண்டு வளைக்குள்ளும் அது நுழையும். நெடுங்கால் உள்ளான் நீரிலிறங்கிப் பூச்சிகளைப் பொறுக்கும்.

எனினும், அலகு மட்டுமே உணவைத் தீர்மானிப்பதில்லை. 1970களில் பிரித்தானியக் கரைகளில் பவளக்காலியை ஆராய்ந்த ஜோன் கொஸ்-கஸ்ராட், பெரிய புழுக்களால் கூடிய சக்தி கிடைக்கும் இடத்திலும், அப்பறவை இறாலுக்கு உறவான கொறோபியம் என்னும் சிற்றுயிரையே விரும்பித் தேடியதைக் கண்டார். அலகு எல்லையை வகுக்கின்றது. அவ்வெல்லைக்குள் பறவை தெரிவு செய்கின்றது.

அத்தெரிவுக்கு இடமளிப்பது நீரின் ஆழமாகும். பிரித்தானியாவில் நாளுக்கு இருமுறை வற்றும் கடல் பறவைகளுக்குப் பந்தி விரிக்கின்றது. இலங்கையிலோ வற்றுப்பெருக்கின் வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. மட்டக்களப்பு வாவியின் நீர்மட்டத்தைப் பெரிதும் நிர்ணயிப்பன மாரி மழையும் முகத்துவாரத்து மணற்றிட்டுமே. மாரி வெள்ளம் கிரான் – புலிபாய்ந்தகல் வீதியை மூடும்போது மேற்கிலுள்ள மக்கள் தோணியை நாடுகின்றனர். வயல் மூழ்கும் உழவர்க்கு அத்திட்டை வெட்டி நீரைக் கடலுக்கு விடுதல் அவசரத் தேவை. வாவியின் உப்பும் மீனின் வரவும் அவ்வழியையே சார்ந்திருத்தலால் மீனவர்க்கும் அது வாழ்வுப் பிரச்சினையாகும். இவ்விரு சாராரோடு மூன்றாவது பங்காளியும் உண்டு. நீர் சற்று உயர்ந்தால் குதிரைமூக்கு உள்ளான் இன்னும் நிற்கும். உப்புக்கொத்தியின் பந்தி முடிந்துவிடும். மண்வெட்டி விழும் நாளை எண்ணிப் பார்ப்போர் அதன் பசியை எண்ணுவதில்லை.

சேறு மூழ்கியபின் சில பறவைகள் வயல்களை நாடும். உழுத சேற்றில் புழுவும் பூச்சியும் உண்டு. ஆனால் பூச்சிகொல்லி தெளித்த வயலில் இரையும் அருகும், கிடைக்கும் இரையும் நஞ்சேறியிருக்கலாம். பங்குனி, சித்திரையில் வடக்கே நெடும்பயணம் தொடங்குமுன் அவை உடலிற் கொழுப்புச் சேர்த்தாக வேண்டும். அக்காலத்து உணவுக் குறை வழியிலோ கூடுகட்டும் நாட்டிலோ வெளிப்படும். இங்குள்ளோர் கண்ணுக்குத் தெரியாது.

வாவியோரச் சேறு பயிர் விளையாத வெறுநிலமெனக் கருதப்பட்டு எளிதில் மண்ணிட்டு நிரப்பப்படுகின்றது. அதன் ஒவ்வொரு அங்குல ஆழமும் ஒவ்வோர் அலகுக்கு அளந்து வைத்த உணவாகும். நிலத்தின் பயனை அளப்போர் இவ்வளவையையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும்.