தெளிவா இருந்தா சுத்தமா?

நாங்க லயத்துப் பிள்ளைகள். 1869இல் இலங்கையின் கோப்பியைத் துரு நோய் பிடிச்சது. கோப்பி அழிஞ்ச இடத்துக்குத் தேயிலை வந்தது. 1946இல் அந்தத் தேயிலைக்கும் கொப்புள நோய் வந்தது. ரெண்டுமே கண்ணுக்குத் தெரியிற நோய். கொழுந்தெடுக்கிற எங்க அம்மாமார் இலையைப் புரட்டினாலே சொல்லிடுவாங்க.

உயிரியல் படிக்கப் போன எங்களுக்கு வேற மாதிரி ஒன்று அறிமுகமானது: மைக்கோபிளாஸ்மா. ஆய்வுகூடத்தில் வளர்க்கும் கலங்களுக்குள் மற்ற பற்றீரியா புகுந்தா திரவம் கலங்கும். இது புகுந்தா பெரும்பாலும் கலங்காது. கலங்கள் வளர்ந்துகொண்டே இருக்கும். அவற்றின் உணவை இது தின்னும், ஆய்வு முடிவு பொய்யாகும். கலச்சுவர் இல்லாததால் பெனிசிலின் பலிக்காது. 0.22 மைக்ரோன் வடிகட்டியையும் தாண்டிடும். 1956இலேயே கலவளர்ப்பில் இதைக் கண்டுபிடிச்சிட்டாங்க.

அதனால சோதிச்சே ஆகணும். பி.சி.ஆர் சில மணித்தியாலத்தில் சொல்லும். டி.என்.ஏ.யில் ஒட்டும் சாயம் போட்டா, கலக்கருவுக்கு வெளியே சின்னப் புள்ளிகளா ஒளிரும். வளர்த்துப் பார்க்கிற முறைக்கு 28 நாள். பிடிபட்டா, பெரும்பாலும் அந்தக் குடுவையையே அழிக்கணும்.

இந்தப் பிடிவாதம் எங்களுக்குப் பிடிச்சிருக்கு. வெள்ளையடிச்ச லயத்தை றோட்டிலிருந்தே பார்த்துட்டு, "நல்லாத்தானே இருக்காங்க" என்று போறவங்களை நிறையப் பார்த்திருக்கோம். உள்ளே வந்து பார்க்காம அதைச் சொல்லக் கூடாது.