வெயிலில் வைத்த எண்ணெய்

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் உற்சவம் இருபத்தைந்து நாட்களுக்கு நடைபெறும். கோயில் வாயிலை அணுகும் ஆடவர் அனைவரும் மேற்சட்டையைக் களைந்து வெற்றுடம்பினராய் உள்ளே செல்வர். செல்வரும் வறியரும், அதிகாரியும் அவர்தம் ஏவலரும் ஒரே கோலத்தில் நிற்கும் அக்காட்சியைச் சமத்துவத்தின் அடையாளமாகப் போற்றுவோர் பலர். ஆனால், அவ்வாயிலுக்கு வெளியே வீதி மணலிலே, நீண்ட கைச்சட்டையின் தெறிகளை மணிக்கட்டுவரை பூட்டிக்கொண்டு, நின்றவாறே கும்பிட்டுத் திரும்பும் ஒருவரை அச்சமத்துவம் எட்டுவதில்லை. வடமராட்சியில் உயர்தர வகுப்பினருக்குப் புவியியல் கற்பிக்கும் ஆசிரியர் அவர். அவரிடம் பக்தி குறைவென்று எண்ணுவோர் உண்டு. செருக்கு என்று எண்ணுவோரும் உண்டு. சட்டைக்குள் இருப்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

1998ஆம் ஆண்டு, அவருக்கு இருபத்துநான்கு வயதானபோது, வலது முழங்கையிலே ஒரு ரூபா நாணயமளவில் சிவந்த தடிப்பொன்று தோன்றியது. அதன்மேல் வெள்ளி நிறச் செதில்கள் படிந்தன. சுரண்டினால் உதிர்ந்தன, உதிர்ந்த இடத்திலே குண்டூசி முனையளவாக இரத்தம் கசிந்தது. ஓராண்டுக்குள் மறு முழங்கை, முழங்கால்கள், உச்சந்தலை, முதுகு எனப் படர்ந்தது. நகங்களிலே சிறு குழிகள் விழுந்தன. வகுப்பறை மேசையில் உதிர்ந்து கிடந்த செதிலைக் கண்ட மாணவர்கள் அதனைச் சோக்கட்டித் தூள் என்றே நினைத்தனர். அவரும் அப்படியே நினைக்கவிட்டார். கரும்பலகையைத் துடைக்கும் வேலையை மாணவரிடம் ஒப்படைக்காது தாமே செய்யத் தொடங்கியது அப்போதிருந்துதான். உடம்பெல்லாம் தூள் படிந்திருக்கும் ஆசிரியர்மேல் இன்னுஞ் சிறிது தூள் உதிர்வதை யார் கவனிப்பார்?

மேலை மருத்துவம் இதனைச் சோரியாசிஸ் என்கின்றது. சித்த மருத்துவர் காளாஞ்சகப் படை என்பர். சாதாரணமாக நான்கு வாரங்களளவில் புதுப்பிக்கப்படும் மேற்றோல், இந்நோயில் மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள்ளேயே புதிதாகி மேலெழுகின்றது. முதிராத கலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவிந்து செதிலாகின்றன. கிருமியை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை தன் தோலையே பகையென்று கொண்டு எழுப்பும் அழற்சி இது. ஆகையால் ஒருவரிலிருந்து மற்றொருவருக்குத் தொற்றாது. இத்துணை எளிய உண்மையை மக்கள் ஏற்பதற்குத் தடையாயிருப்பது ஒரு சொல். சரகசங்கிதை 'குஷ்டம்' என்ற பெயரின்கீழ்ப் பதினெட்டு வகைத் தோல் நோய்களைக் கூறுகின்றது. அங்கு அது பொதுப்பெயர். பேச்சுத் தமிழிலோ அச்சொல் தொழுநோயொன்றையே குறிப்பதாயிற்று. ஐரோப்பாவிலும் இம்மயக்கம் இருந்தது. வியன்னா நகர மருத்துவர் ஹெப்ரா 1841இலேதான் இந்நோயைத் தொழுநோயினின்றும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். ஒல்லாந்தர் 1708இல் ஹெந்தளையிலே தொழுநோயாளருக்கு இல்லம் அமைத்த நாடு இது. மட்டக்களப்பு வாவியின் மாந்தீவுக்கும் நோயாளர் அனுப்பப்பட்டனர். தோலிலே தடிப்பைக் கண்டதும் விலகிக்கொள்ளும் வழக்கம் அத்துணைப் பழையது.

ஆசிரியர் அதனை நாளும் கண்டார். சலூன்காரர், "மாஸ்ரர், இண்டைக்குக் கொஞ்சம் சனம், பிறகு வாங்கோ" என்றார். கடையிலே ஒருவரும் இருக்கவில்லை. அதன்பின் மனைவியே அவருக்கு முடி வெட்டிவிடுகிறார். மணமான புதிதில், துவைத்த துணிகளை ஒரே கொடியிற் போடலாமா என்று உறவினர் ஒருவர் அம்மனைவியின் காதில் ஓதியதும் உண்டு. அவர் மறுமொழி சொல்லாது, கணவரின் சால்வையை எடுத்துத் தம் சேலையின்மேலேயே விரித்துவிட்டார்.

இத்தகைய வாழ்வில் 'வேரோடு நீக்குவோம்' என்ற சொற்றொடருக்குப் பெரும் வலிமை உண்டு. 2004ஆம் ஆண்டு, இருபத்தொரு நாட்களிற் பூரண சுகம் என்று விளம்பரஞ் செய்த ஒருவரிடமிருந்து அவர் சூரணம் வாங்கினார். விந்தை யாதெனில், சுகம் கண்டது. பத்தாம் நாள் செதில் நின்றது. இருபதாம் நாள் தோல் பளிங்குபோலாயிற்று. அரைக்கைச் சட்டை இரண்டு தைப்பித்தார். சூரணம் தீர்ந்த மூன்றாம் வாரம் நோய் திரும்பியது. முன்னர் இருந்த இடத்துக்கு மட்டுமன்று; உடல் முழுவதும் சிவந்து வெந்தாற்போலாகி, கடுங் கோடையிலே குளிரால் நடுங்கியவாறு வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டார். அச்சூரணத்திலே ஸ்ரெரொயிட்டு மருந்து கலந்திருக்கலாமென மருத்துவர்கள் ஐயுற்றனர். அம்மருந்தை உட்கொண்டு திடீரென நிறுத்தும்போது இந்நோய் இவ்வாறு சீறுவது அறியப்பட்டதொன்று. அதே 2004ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரப் பகுதிக் கடைகளிலே வாங்கிச் சோதிக்கப்பட்ட 70 ஆயுள்வேத மருந்துகளுள் 14இல் ஈயம், இரசம், ஆசனிக்கு என்பவற்றுள் ஒன்றேனும் காணப்பட்டதாக ஆய்வொன்று வெளியாயிற்று. 'மூலிகைதானே, தீங்கில்லை' என்ற பேச்சை இவற்றுக்குப் பின்னரும் சொல்வோரை என்னென்பது!

நாட்டு வைத்தியத்தின் பெயராற் கெட்டவர் மீண்டும் நாட்டு வைத்தியரிடமே சென்றது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். அவரை அழைத்துச் சென்றவர் மாமனார். பரியாரியாருக்கு அப்போது எண்பதை அண்மிய வயது. பரராசசேகரமும் செகராசசேகரமும் பயின்ற பரம்பரையினர். நாடி பார்த்தார், முதுகைப் பார்த்தார், நெடுநேரம் பேசவில்லை.

"தம்பி, இது மாறாது. அடங்கும். அடங்கினதை அடங்கினபடி வைச்சிருக்கிறது உம்மடை கையிலைதான் இருக்கு."

ஆறு ஆண்டுகளிலே எவரும் அவருக்கு இவ்வாறு சொன்னதில்லை. வீட்டுக்கு வரும் வழியிலே அவர் அழுததாக மாமனார் பிற்காலத்திற் கூறினார். ஏமாற்றத்தாலன்று என்றும் கூறினார்.

பரியாரியார் தந்தது வெட்பாலைத் தைலம். வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காயெண்ணெயில் இட்டு, அடுப்பேற்றாது, வெயிலிலே வைக்கவேண்டும். நாட்கள் செல்ல எண்ணெய் ஊதா நிறங்கொள்ளும். அதனைப் பூசி, இளவெயிலிற் சிறிது நேரம் இருந்து, பின்னர் குளிக்கவேண்டும். சவர்க்காரம் கூடாது, பயற்றமா போதும். இரவில் விழித்திருத்தல் ஆகாது. கத்தரிக்காய், கருவாடு, இறால், நண்டு முதலிய கரப்பன் பண்டங்களை விலக்கவேண்டும். மீனும் பாலும் ஒருங்கே உண்ணல் ஆகாது. கள்ளும் சாராயமும் முற்றாகக் கூடா. சொறியவே கூடாது.

இவற்றை இன்றைய அறிவுகொண்டு நோக்குமிடத்து எல்லாம் ஒரே தரத்தன அல்ல. வெயிலின் பயன் ஐயமற்றது. புறவூதாக் கதிர்ச் சிகிச்சை இன்று உலகெங்கும் உண்டு. வெண்படைக்கு நம் முன்னோர் பூசிய கார்போகரிசியிலுள்ள சோரலென் வகைப் பொருளை உட்கொள்வித்துக் கதிர்பாய்ச்சும் முறை இந்நோய்க்கு உதவுவதை 1974இல் அமெரிக்க மருத்துவர் வெளியிட்டனர். எண்ணெய் தோலின் வறட்சியைத் தணிக்கும். காயம்பட்ட இடத்தில் நோய் புதிதாய் எழுமென்பதைக் கோப்னர் என்ற ஜேர்மானிய மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டார். எனவே சொறியாதே என்பதும் சரி. மது நோயை வளர்க்கும். உடற்பருமன் குறைய நோயும் குறையும். மீனையும் பாலையும் பற்றிய விலக்குக்கு அத்தகைய சான்று இல்லை. ஆசிரியர் அதனையும் இன்றுவரை கைக்கொள்கிறார். காரணம் கேட்டால் சிரிப்பார். உண்ணும் ஒவ்வொரு வேளையும் தம் உடலை ஒருமுறை நினைப்பதற்கு அது உதவுகின்றது போலும். பத்தியத்தின் பயனிற் பாதி அதுவாகவே இருக்கலாம்.

மூட்டுகளில் வலி தொடங்கியபோது பரியாரியார் தைலத்தை நீட்டவில்லை. "இது என்ரை எல்லைக்கு அங்காலை" என்று கூறி அரசினர் வைத்தியசாலைக்கு அனுப்பினார். இந்நோயுடையோரிற் கணிசமானோருக்கு மூட்டுவாதமும் வரும். காலந்தாழ்த்தினால் மூட்டுச் சிதையும். அன்றுமுதல் வாரமொருமுறை குளிசையும், குறித்த தவணைகளில் இரத்தப் பரிசோதனையும், நாடோறும் எண்ணெயும் எனச் செல்கின்றது அவரது வாழ்வு. குளிசையைப் பற்றிப் பரியாரியாருக்கும், எண்ணெயைப் பற்றி வைத்தியருக்கும் அவர் மறைத்ததில்லை. இருவரும் ஒருவரை மற்றவர் சந்தித்ததுமில்லை. பரியாரியார் இன்று இல்லை. எண்ணெயை இப்போது ஆசிரியரே காய்ச்சாது காய்ச்சுகிறார். கிணற்றுக்கட்டிலே போத்தல் வரிசையாய் நிற்கும்.

சென்ற ஆண்டு அவரது வகுப்பிலே ஒரு மாணவன், வெக்கையிலும் நீண்ட கைச்சட்டையோடு கடைசி வாங்கில் இருந்தான். அவன் எழுந்து சென்றபின் மேசையிலே வெண்தூள் கிடந்தது. சோக்கட்டி பிடிக்காத கை அது. ஆசிரியர் எதுவும் கேட்கவில்லை. மறுநாட் பாடத்திலே, பருவக்காற்றின் படத்தை வரையுமுன், வலக்கைத் தெறியைக் கழற்றிச் சட்டையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டார். வகுப்பு ஒருகணம் அமைதியாயிற்று. பின்னர் படத்தைப் பார்த்து எழுதலாயிற்று.

சனிக்கிழமை அம்மாணவன் தாயுடன் வந்தான். தாயின் கண் கிணற்றுக்கட்டுப் போத்தல்கள்மேலேயே நின்றது.

"அது பிறகு, அம்மா" என்றார் ஆசிரியர். "முதல்லை திங்கட்கிழமை ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. என்ன வருத்தமெண்டு அவை சொல்லட்டும்."