பட்டாள லோரியும் பால்மரமும்

போர்க் கதை என்றதும் நம்மில் பலருக்குப் பீரங்கியும் ஆகாய விமானமும்தான் நினைவுக்கு வரும். படக் கொட்டகையில் பார்த்ததும் அவைதான். பள்ளிப் புத்தகத்தில் படித்ததும் அவைதான். பச்சைச் சாயம் பூசி, படுதா போட்டு மூடி, ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் லோரிகளைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். பட்டாளம் என்ற தேருக்கு அச்சாணி இந்த லோரிதான். துப்பாக்கி பிடிப்பவனுக்குச் சோறு வேண்டும், தண்ணீர் வேண்டும், தோட்டா வேண்டும், காலுக்குச் சப்பாத்து வேண்டும். காயம்பட்டால் அவனைத் தூக்கிவர வண்டி வேண்டும். இவை ஒரு நாள் தவறினாலும் வீரம் எத்தனை இருந்தும் பயனில்லை.

நான் தோட்டத்து லோரி ஓட்டிப் பிழைத்தவன். ஆகவே போரைப் பற்றி எதைப் படித்தாலும் என் கண் முதலில் சக்கரத்தின் மேல்தான் விழும். படித்தவற்றில் இரண்டு சங்கதிகளை முதலில் சொல்லுகிறேன். பிறகு நம் வீட்டுச் சங்கதிக்கு வருவோம்.

முதல் உலகப் போரில், 1916 பிப்ரவரி 21-ஆம் நாள், பிரான்சு நாட்டின் வெர்டன் நகரை ஜெர்மானியர் தாக்கினார்கள். அந்த ஊருக்குப் போகும் பெரிய ரயில் பாதைகள் எதிரியின் கையிலோ, அவன் பீரங்கிக்கு எட்டும் தூரத்திலோ இருந்தன. மிஞ்சியவை ஒரு சின்ன ரயிலும், பார்-லெ-டுக் என்ற ஊரிலிருந்து வரும் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் சாலையும்தான். பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஒற்றைச் சாலையில் சுமார் 3,500 லோரிகளை இறக்கினார்கள். நெருக்கடி மிகுந்த நாட்களில் 14 விநாடிக்கு ஒரு லோரி போயிற்றாம்.

அந்தச் சாலைக்குச் சட்டம் கடுமையானது. குதிரை வண்டி வரக்கூடாது. சிப்பாய்கள் நடந்து போகக்கூடாது. ஒரு லோரி பழுதாகி நின்றால் நடுவில் வைத்துப் பழுது பார்க்க முடியாது. பள்ளத்தில் தள்ளிவிட்டு அடுத்தது போய்க்கொண்டே இருக்க வேண்டும். பனி உருகிச் சாலை சேறானபோது, இரு பக்கமும் ஆட்கள் நின்று மண்வெட்டியால் கல்லை வாரி வாரிப் போட்டார்கள். கல்லை நசுக்கிச் சாலையாக்கியவை ஓடும் லோரிகளின் சக்கரங்களே. அந்தச் சக்கரங்களில் காற்று இல்லை. முழுக்க முழுக்க ரப்பர். போருக்குப் பிறகும் பிரெஞ்சுக்காரர்கள் அதைப் 'புனிதப் பாதை' என்றே அழைக்கிறார்கள்.

இரண்டாவது சங்கதி 1944-இல் நடந்தது. அதுவும் பிரான்சில்தான். ஜூன் 6-ஆம் நாள் நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கின. இறங்குவதற்கு முன்பு, ஜெர்மானியருக்கு உதவக்கூடாது என்று பிரான்சின் ரயில் பாதைகளையும் பாலங்களையும் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு உடைத்திருந்தன. ஆகஸ்டு மாதம் படை வேகமாக முன்னேறியதும் அந்த ரயில் இவர்களுக்கே தேவைப்பட்டது. டாங்கிகள் பெட்ரோல் இல்லாமல் வழியில் நிற்கத் தொடங்கின.

உடனே அமெரிக்கர்கள் லோரிகளைத் திரட்டி, ஆகஸ்டு 25 முதல் நவம்பர் 16 வரை இரவும் பகலும் ஓட்டினார்கள். போக ஒரு சாலை, வர ஒரு சாலை. வழிகாட்டப் பலகைகளில் சிவப்பு வட்டம் வரைந்திருந்தார்கள். அந்த ஓட்டத்துக்கு 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' என்று பெயர். உச்சத்தில் 6,000-க்குச் சற்றுக் குறைவான வண்டிகள் ஓடின. ஒரே நாளில் சுமார் 12,500 டன் சரக்கு போனதும் உண்டு. லோரிக்கு லோரி 60 கெஜ இடைவெளி விட வேண்டும் என்பது விதி. ஒரு குண்டு விழுந்தால் இரண்டு லோரி போய்விடக் கூடாதல்லவா? எதிரி விமானத்துக்குப் பயந்து, விளக்கை மறைத்து, பூனைக் கண் போன்ற கீற்று வெளிச்சத்தில் இரவில் ஓட்டினார்கள்.

அவர்கள் ஓட்டியது பெரும்பாலும் ஜி.எம்.சி. இரண்டரை டன் லோரி. மூன்று அச்சு, எல்லாச் சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போகும். முன் சக்கரம் சேற்றில் சுழன்றாலும் பின் சக்கரம் தள்ளிவிடும். மழைக்காலத்தில் மலைச் சடக்கில் ஓட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் இரண்டரை டன் என்பது பெயருக்குத்தான். நல்ல சாலையில் அதற்கு மேலேயே ஏற்றினார்கள். இன்னொரு கணக்கும் உண்டு. போர்முனை தள்ளிப் போகப் போக, பெட்ரோல் கொண்டுபோகும் லோரியே அதிகப் பெட்ரோலைக் குடித்துவிடும். சம்பளம் வாங்கப் போகிறவன் பஸ் காசுக்கே பாதிச் சம்பளத்தைக் கொடுத்த கதைதான்.

அந்த ஓட்டுநர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் கறுப்பினத்தவர்கள். அன்றைய அமெரிக்கப் பட்டாளம் அவர்களைத் தனிப் பிரிவுகளில் ஒதுக்கி வைத்திருந்தது. சண்டையிடும் பெருமை பெரும்பாலும் மற்றவர்களுக்கு. சுமை தூக்கும் வேலையும் லோரி ஓட்டும் வேலையும் இவர்களுக்கு. பிரித்து வைக்கும் அந்த வழக்கத்தை ஒழிக்க 1948-இல்தான் ஆணை பிறந்தது. இவர்கள் ஓட்டிய லோரி இல்லாவிட்டால் அந்தப் படை அத்தனை தூரம் போயிருக்க முடியாது.

இந்த லோரிகளுக்கு ஓயாத தொல்லை கொடுத்தது டயர்தான். அதிகச் சுமையும் ஓய்வில்லாத ஓட்டமும் டயரைத் தின்றன. சிப்பாய்கள் தின்றுவிட்டு எறிந்த தகர டப்பாக்கள் கூட டயரைக் கிழித்தன. டயர் என்றால் ரப்பர். ரப்பர் என்றால் யார்? இங்கேதான் நம் வீட்டுச் சங்கதி தொடங்குகிறது.

1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது. சைக்கிளில் வந்தே ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சைக்கிளில் வந்தது உண்மை; லோரியிலும் வந்தான். வெள்ளைக்காரப் பட்டாளம் பின்வாங்கும்போது விட்டுப்போன லோரிகளையும் பெட்ரோலையும் எடுத்துக்கொண்டு அதே சடக்கில் தெற்கே ஓட்டினான்.

மலாயாவும் கிழக்கிந்தியத் தீவுகளும் விழுந்ததும், அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு நின்றுபோயிற்று. அங்கே பங்கீட்டுக்கு முதலில் வந்த பொருள் டயர். டயர் தேயாமல் இருக்க, மணிக்கு 35 மைலுக்கு மேல் யாரும் கார் ஓட்டக்கூடாது என்றார்கள். பழைய ரப்பரை ஊர் ஊராகச் சேகரித்தார்கள். அவசர அவசரமாகச் செயற்கை ரப்பர் ஆலைகளைக் கட்டினார்கள். அப்போதும் கனமான லோரி டயருக்கு இயற்கை ரப்பரை அடியோடு விட்டுவிட முடியவில்லை; செயற்கை ரப்பர் சுமையில் அதிகமாகச் சூடேறிவிடும். இன்றும் பெரிய லோரி டயரில் பால்மரத்து ரப்பர் நிறையவே இருக்கிறது.

உலகம் ரப்பருக்குத் தவித்த அந்த நாளில் இங்கே நம் மக்கள் எப்படி இருந்தார்கள்? வாங்க ஆளில்லாமல், ஏற்றிச் செல்லக் கப்பலில்லாமல் தோட்டங்கள் முடங்கின. பால் வெட்டிய கைகள் மரவள்ளிக் கிழங்கு நட்டன. அரிசியும் இல்லை, துணியும் இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் தோட்டத்துக்குள் லோரி வந்தது.

பர்மாவுக்குப் படையையும் சரக்கையும் அனுப்ப ஜப்பானியருக்குக் கடல் வழி ஆபத்தாகிவிட்டது. மலைக்காட்டில் லோரி ஓடச் சாலை கிடையாது. ஆகவே சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட 1942-இல் தொடங்கி, 1943 அக்டோபரில் முடித்தார்கள். அதற்கு ஆள் வேண்டியிருந்தது. முதலில் நல்ல சம்பளம், சில மாத வேலை என்று ஆசை காட்டினார்கள். பிறகு கிடைத்தவர்களைப் பிடித்து ஏற்றினார்கள். தோட்டத்திலிருந்து ரயிலடி வரை லோரி. அங்கிருந்து அடைத்த சரக்குப் பெட்டியில் சயாம்.

என் தாத்தா அப்படிப் போனவர். 1943-இல் பிரட்டுக் களத்தில் வந்து நின்ற லோரியில் ஏறினார். பாட்டிக்கு அப்போது இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. கையில் பிடித்திருந்த பிள்ளைதான் என் அப்பா. தாத்தா திரும்பவில்லை. காலராவா, மலேரியாவா, பட்டினியா என்று சொல்லவும் யாரும் வரவில்லை. பாட்டி பல ஆண்டுகள் பொட்டை அழிக்காமலே இருந்தார்.

1948 ஜூனில் அவசரகாலம் பிறந்தது. மீண்டும் சடக்கெல்லாம் பட்டாள லோரி. காட்டில் இருந்தவர்களுக்குச் சோறும் செய்தியும் போகக்கூடாது என்று 1950-இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரம் குடியிருந்த ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றுசேர்த்து முள்கம்பி வேலி போட்டார்கள். சட்டி பானை, கோழிக் கூண்டு, சாமிப் படம் எல்லாம் லோரியில் ஏறின.

எங்கள் டிவிஷனுக்கும் ஒரு நாள் லோரி வந்தது. சாமான்களை ஏற்றியாயிற்று, பிள்ளைகளும் ஏறிவிட்டார்கள். பாட்டி மட்டும் ஏறவில்லை. பெரிய கிராணி வந்து, "ஏறும்மா, பக்கத்து டிவிஷன்தானே" என்றாராம். பாட்டி, "அன்னைக்கும் பக்கத்துலதான்னு சொன்னாங்க, ஐயா" என்று சொல்லிவிட்டு, ஏறிய பிள்ளைகளையும் இறக்கிக்கொண்டு, ஆட்டைப் பிடித்தபடி லோரிக்குப் பின்னாலேயே நடந்தார். துப்பாக்கியோடு இருந்த சோல்ஜருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் லோரியை மெதுவாக ஓட்டச் சொன்னானாம். அப்பா இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் தொடங்குவார்.

லோரிக்கு நல்லது கெட்டது தெரியாது. 2014 டிசம்பரில் கிளந்தானில் பெருவெள்ளம் வந்தபோதும், 2021 டிசம்பரில் ஷா ஆலாம் பக்கம் வீடுகள் மூழ்கியபோதும், மக்களைக் கரை சேர்க்க வந்தவற்றில் பட்டாள லோரியும் உண்டு. உயரமான அடிச்சட்டம், பெரிய சக்கரம். கார் போகாத தண்ணீரில் அது போகும். அதே லோரிதான். ஏற்றுகிறவன் மனம் எப்படியோ, அப்படித்தான் அது போய்ச் சேருகிற இடமும்.

சயாம் பாதையில் இறந்த போர்க் கைதிகள் 12,000-க்கும் அதிகம். காஞ்சனபுரி இடுகாட்டில் ஆயிரக்கணக்கானவர்களின் பெயர் கல்லில் இருக்கிறது. அங்கே மாண்ட ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90,000 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் நம் தோட்டத்துத் தமிழர் ஏராளம். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் இல்லை.

ஆகவே பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்திலிருந்து அந்த லோரியில் ஏறியவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று மூத்தவர்களைக் கேளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். தாத்தா பெயரை நான் எழுதிவிட்டேன். அவரோடு ஏறியவர்களில் அப்பாவுக்கு நினைவிருந்த ஏழு பேரின் பெயரையும் எழுதிவிட்டேன். கேட்க ஆள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.