ஏற்காடு: மலைக்குரிய நாளும் கடைக்குரிய நாளும்

சேலம் நகரின் வெம்மையை விட்டு நீங்கி மலையடிவாரத்தை அடைந்ததும் பாதை வளையத் தொடங்குகிறது. மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பேருந்தின் சன்னலோரம் அமர்ந்த பிள்ளைகள் அவற்றை ஒன்றுவிடாமல் எண்ணிக்கொண்டே வருவார்கள். மேலே செல்லச் செல்லக் காற்றின் குணம் மாறும். சில்வர் ஓக் மரங்கள் நெடுநெடுவென உயர்ந்து நிற்க, அவற்றைத் தழுவி மிளகுக் கொடிகள் ஏறியிருக்கும். அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள் அடர்ந்திருக்கும். ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்ப் பயணம்தான். அதற்குள் இறைவன் வேறோர் உலகை விரித்து வைத்திருக்கிறான்.

ஏரியும் காடும் சேர்ந்த இடமாதலால் ஏற்காடு எனப் பெயர் வந்தது என்பர். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான சேர்வராயன் மலைத்தொடரில் இவ்வூர் அமைந்துள்ளது. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்ல வசதியற்றோர் குறைந்த செலவில் குளிர்ச்சி தேடி வந்தமையால் ‘ஏழைகளின் ஊட்டி’ என்ற பெயரும் இதற்கு உண்டு. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களின் முஸ்லிம் குடும்பங்கள் பலவும், பெருநாளுக்கு மறுநாள் உற்றார் உறவினர் சேர்ந்து ஒரு வேனைப் பேசி, பிரியாணித் தேக்சாவையும் பாயையும் ஏற்றிக்கொண்டு இம்மலைக்கு வந்துபோவது வழக்கம்.

அந்த ஏழைகளின் ஊட்டியை டிசம்பர் 31-ஆம் நாள் சென்று பார்ப்பவர்களுக்கு அது வேறோர் ஊராகத் தோன்றும். மலைப்பாதையில் வாகனங்கள் வரிசைகட்டி ஊர்ந்து ஏறுகின்றன. விடுதிகளில் அந்த ஓர் இரவுக்கெனத் தனிக் கட்டணம், தனி விருந்து, தனி இசை. பிப்ரவரி 14 வந்தால் ஏரிக்கரையிலும் காட்சிமுனைகளிலும் ரோஜாப் பூக்களோடு இளைஞர் கூட்டம். ஆகஸ்டு மாதத்து முதல் ஞாயிறு நண்பர்கள் நாளாம். மே மாதத்து இரண்டாம் ஞாயிறு அன்னையர் நாளாம். நாள்காட்டியில் இப்படி எத்தனையோ நாள்கள் புதிதாக முளைத்துவிட்டன. இவற்றுள் எதையும் இம்மலை கேட்டுப் பெறவில்லை. அப்படியாயின் மலைக்கெனச் சொந்தமாக ஒரு நாள் உண்டா? உண்டு. அதை அறிய, மலைக்கு உரிய மக்களை முதலில் அறிய வேண்டும்.

மலையை ஆள்பவர்கள்

சேர்வராயன் மலையின் பழங்குடியினர் ‘மலையாளிகள்’ எனப்படுவர். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர் இது. பேசும் மொழி தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்கள் என்பது இவர்களிடையே வழங்கிவரும் மரபுக் கதை. பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறினார்களாம். சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை இவர்களின் பாரம்பரியப் பயிர்கள்.

5,326 அடி உயரமுள்ள சேர்வராயன் சிகரத்தின் உச்சியில் ஒரு குகைக் கோயில் இருக்கிறது. ஆண்டுதோறும் மே மாதத்தில் அங்கே விழா நடைபெறும். சுற்றியுள்ள மலைக்கிராமங்களிலிருந்து மக்கள் திரளாக வந்து கூடுவார்கள். அவர்களுடைய வழிபாடு அவர்களுக்குரியது. நமக்கு அதில் பங்கில்லை. ஆயினும் அந்நாளின் அமைப்பைக் கவனித்தால் அறிவுடையோர்க்கு ஒரு செய்தி கிடைக்கும். அன்று அம்மலையில் மலைவாழ் மக்களே வீட்டார். வெளியிலிருந்து செல்வோர் அனைவரும் விருந்தினர். எந்த நாளில் கூடுவது, யார் எப்பணியைச் செய்வது என்பனவெல்லாம் அவர்களுடைய பெரியவர்கள் கூடி முடிவு செய்பவை. வேலை தேடிச் சமவெளிக்குப் போன பிள்ளைகள் ஊர் திரும்பும் நாள் அது. பிரிந்த உறவுகள் சேரும். மணப்பேச்சுகள் தொடங்கும்.

டிசம்பர் 31 இரவில் இந்த உறவு தலைகீழாகிவிடுகிறது. சமவெளியிலிருந்து பணத்தோடு வந்தவர்களே அன்று வீட்டார். மலையின் மக்களோ பாத்திரம் கழுவுபவர்களாகவும், சுமை தூக்குபவர்களாகவும், விடிந்ததும் போத்தல்களைப் பொறுக்குபவர்களாகவும் நிற்கிறார்கள். கூலி கிடைக்கிறது என்பது உண்மை; அது இழிவன்று. ஆனால் சொந்த மலையின் கொண்டாட்டத்தில் அதன் மக்களுக்குக் கூலி தவிர வேறு பங்கில்லை என்ற நிலை எண்ணிப் பார்க்கத்தக்கது.

வந்தவை எல்லாம் அந்நியமா?

வெளியிலிருந்து வந்தது என்பதற்காகவே ஒன்றை வெறுப்பது நீதியாகாது. இன்று ஏற்காட்டின் அடையாளமாக இருக்கும் காப்பியே வெளியிலிருந்து வந்ததுதான். 17-ஆம் நூற்றாண்டில் பாபா புதன் என்னும் இறைநேசர், ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பும் வழியில் ஏமன் நாட்டு மோக்கா துறைமுகத்திலிருந்து ஏழு காப்பி விதைகளைக் கொண்டுவந்து, கர்நாடகத்துச் சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் வரலாறு. அம்மலை இன்றும் அவர் பெயராலேயே பாபாபுதன்கிரி என வழங்குகிறது.

சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது ஆங்கிலேயர் வழியாக. 1792-இல் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானின் ஆட்சியிலிருந்த சேலமும் பாராமஹாலும் ஆங்கிலேயர் வசமாயின. 1820 முதல் 1829 வரை சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் இம்மலையில் காப்பியையும் பலவகைப் பழமரங்களையும் பயிரிடச் செய்தார்.

அப்படி வந்த காப்பிச் செடி இம்மலைக்குக் கட்டளையிடவில்லை. மலையின் ஒழுங்குக்குத் தானே கட்டுப்பட்டது. மார்ச், ஏப்ரலில் பெய்யும் கோடை மழை நனைத்தால்தான் அது பூக்கும். மல்லிகை போன்ற வெண்பூக்களால் தோட்டம் முழுதும் மணக்கும். நவம்பரில் பழம் சிவந்து, சனவரி வரை பறிப்பு நடக்கும். மழை பொய்த்தால் பூ இல்லை. பூ இல்லையேல் பறிப்பும் இல்லை. இரு நூற்றாண்டுகளாக இம்மலையின் மண்ணும் மழையும் மனித உழைப்பும் சேர்ந்து அதைச் சொந்தப் பயிராக்கிவிட்டன.

கடைகள் கொண்டுவரும் நாள்களோ எந்த மண்ணிலும் வேர்விடுவதில்லை. புத்தாண்டு இரவு, காப்பிப் பறிப்பு மும்முரமாக நடக்கும் காலத்தில் வருகிறது. விடியலில் தோட்டத்துக்குப் போகவேண்டிய குடும்பங்கள் நள்ளிரவு வரை ஒலிபெருக்கியைக் கேட்டுக்கொண்டு விழித்திருக்கின்றன. மழை, விளைச்சல், உறவு எதையும் கேளாமல், வாங்குபவனின் பையை மட்டுமே அந்த நாள் கேட்கிறது.

ஒரு தாயின் பெயரால்

அன்னையர் நாளின் வரலாறு இதற்கு நல்ல சான்று. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த அன்னா ஜார்விஸ் என்ற பெண்மணி, மறைந்த தம் தாயாரின் நினைவாக 1908-இல் கிராஃப்டன் என்ற ஊரில் ஒரு நினைவுக் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தார். 1914-இல் அதிபர் உட்ரோ வில்சன் அதை நாடு தழுவிய நாளாக அறிவித்தார். விரைவிலேயே பூ வணிகர்களும் வாழ்த்தட்டை, மிட்டாய் நிறுவனங்களும் அந்நாளைக் கைப்பற்றிக்கொண்டன. மனம் வெதும்பிய அன்னா ஜார்விஸ், தாம் உருவாக்கிய நாளின் வணிகக் கோலத்தை எதிர்த்தே எஞ்சிய வாழ்நாளைச் செலவிட்டு 1948-இல் மறைந்தார். அன்பில் பிறந்த நாளையும் கடை விழுங்கிவிடும் என்பதற்கு அவருடைய வாழ்க்கையைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஜப்பானில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பிப்ரவரி 14-இல் பெண்கள் கொடுத்த சாக்லேட்டுக்கு மார்ச் 14-இல் ஆண்கள் பதில் பரிசு தரவேண்டும் என்று, 1970-களின் பிற்பகுதியில் இனிப்புத் தயாரிப்பாளர்களே ஒரு புதுநாளை உண்டாக்கிவிட்டார்கள். நம் நாட்டில் 1991-இன் பொருளாதார மாற்றங்களுக்குப் பிறகு, செயற்கைக்கோள் தொலைக்காட்சியும் வாழ்த்தட்டைக் கடைகளும் இந்நாள்களைச் சிற்றூர்கள் வரை கொண்டுசேர்த்தன. இன்று அந்தப் பணியைக் கைப்பேசி செய்கிறது.

இதனால் பயனடைவோர் நம்மவரிலும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஓசூர் வட்டாரத்து விவசாயிகள் பிப்ரவரி 14-ஐக் குறிவைத்து டிசம்பரிலேயே ரோஜாச் செடிகளைக் கவாத்து செய்கிறார்கள். ‘தாஜ்மகால்’ என்ற செந்நிற ரோஜா அங்கிருந்து வெளிநாடுகளுக்கும் செல்கிறது. ஆனால் கென்யாவும் எத்தியோப்பியாவும் போட்டிக்கு வந்தபின் அந்தச் சந்தையில் நம் விவசாயியின் பிடி தளர்ந்தது. ஒற்றை நாளின் விற்பனையை நம்பி ஆண்டு முழுதும் உழைப்பவனின் கவலை, பூ வாங்குபவனுக்குத் தெரிவதில்லை.

இடம்பெயரும் விதம்

ஒரு கொண்டாட்டம் இன்னொன்றைச் சண்டையிட்டு விரட்டுவதில்லை. ஒரு குடும்பத்துக்கு ஆண்டில் கிடைக்கும் விடுப்பு சில நாள்கள். கையில் மிஞ்சும் பணமும் சிறிதளவே. புதிய நாள் வந்து அவற்றை முதலில் எடுத்துக்கொள்கிறது. டிசம்பர் 31-இல் செலவு செய்தவரிடம், இரு வாரம் கழித்து வரும் தைப் பொங்கலுக்கு என்ன மிஞ்சும்? மலைவாழ் மக்களின் எருதாட்டமும் தை மாதத்துக்குரியதே. விடுதியில் வேலை செய்யும் இளைஞனுக்குப் புத்தாண்டு இரவில் விடுப்புக் கேட்கவும் முடியாது. ஊர்த் திருவிழாவுக்குக் கிடைக்குமா என்பது முதலாளியின் மனத்தைப் பொறுத்தது. இப்படித்தான் ஒரு மரபு ஓசையின்றி ஓரங்கட்டப்படுகிறது.

அரசு மே மாதத்தில் நடத்தும் ஏற்காடு கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. நாற்பதுக்கும் மேற்பட்ட முறை நடந்துவிட்ட இவ்விழா, சுற்றுலாவுக்காகவே ஏற்பட்டது. ஆயினும் மலையின் மலர்களும் விளைபொருள்களும் கலைகளும் அதில் இடம்பெறுகின்றன. விருந்தினரை வரவழைத்தாலும் வீட்டாரை மறவாதிருக்க முடியும் என்பதற்கு இது ஓரளவு வழிகாட்டுகிறது.

நம் இல்லங்களை நோக்கி

இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு நம் வீட்டு வாசலில் நின்றுவிடுவது முறையாகாது. நம்முடைய பெருநாள் பருவத்தோடு கட்டப்பட்டதன்று. ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள்கள் முன்னகர்ந்து, முப்பத்து மூன்று ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வரும். பிறை தென்பட்டால்தான் பெருநாள். அதை எந்த வணிகரும் முன்கூட்டித் தீர்மானிக்க இயலாது. அன்றியும் நோன்புப் பெருநாள் கொடுப்பதில் தொடங்குகிறது. தொழுகைக்குப் புறப்படுமுன் ஃபித்ரா ஏழையின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அன்று எவர் வீட்டு அடுப்பும் அணைந்திருக்கலாகாது என்பதே அதன் கருத்து. ஹஜ்ஜுப் பெருநாளின் குர்பானி இறைச்சியிலும் உறவினர்க்கும் எளியோர்க்கும் பங்கு உண்டு.

இத்தகைய பெருநாளையும் கடை விட்டுவைக்கவில்லை. ரமளானின் கடைசிப் பத்து இரவுகளில் பள்ளிவாசலைவிடத் துணிக்கடையில் கூட்டம் மிகுந்திருப்பதை நகரங்களில் காண்கிறோம். ‘ரம்ஜான் சிறப்புத் தள்ளுபடி’ என்ற பலகை பிறைக்கு முன்பே தோன்றிவிடுகிறது. ஃபித்ராவை அவசரமாகக் கொடுத்துவிட்டு ஆடைக்கு மூன்று நாள் அலைந்தால், பெயர் மட்டும்தான் பெருநாள். உள்ளே இருப்பது வேறொரு நாள். பிறர் கொண்டாட்டத்தைக் குறைகூறுமுன் நம்முடையதைக் காத்துக்கொள்ள வேண்டாமா?

அன்னையைப் போற்ற ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நமக்குப் போதாது. அத்தாவையும் அம்மாவையும், நன்னாவையும் நன்னியையும் பெருநாளன்று முதலில் சென்று சந்தித்து, ஸலாம் கூறி, துஆ பெற்று வரும் வழக்கம் நம் வீடுகளில் இருந்து வருகிறது. அந்த வழக்கத்தைப் பிள்ளைகளின் கைப்பிடித்து நடத்திக் காட்டினால், வாழ்த்தட்டையின் தேவை தானாகக் குறையும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த பெருநாளுக்கு ஏற்காடு செல்ல எண்ணும் குடும்பத்தார் சிலவற்றை மனத்திற்கொள்ளலாம். மலையை நம்முடைய கேளிக்கைக் கூடமாக எண்ணாமல், பிறர் வீட்டுக்கு விருந்து செல்பவர்களாக ஏறுவோம். தமிழக அரசு 2019 சனவரி முதல் தடைசெய்த பிளாஸ்டிக் பொருள்களை மேலே கொண்டுசெல்ல வேண்டாம். பாதையோரக் குரங்குகளுக்குத் தின்பண்டம் எறிய வேண்டாம். காப்பித் தூளையும் மிளகையும் பழங்களையும் விளைவித்தவர்களிடமே பேரம் பேசாமல் வாங்குவோம். விற்பவரிடம் அவ்வாண்டு மழை எப்படி, பூ எப்படி என்று ஒரு வார்த்தை விசாரிப்போம். தேக்சாவில் மிஞ்சும் பிரியாணியைத் திரும்பச் சுமந்து வராமல், அருகிலுள்ள தொழிலாளர் குடியிருப்பில் உரியவர்களுக்குக் கொடுத்துவிட்டு இறங்குவோம்.