ஆம்பூரில் ஒரு பெங்களூர் ரசிகன்

ஐ.பி.எல். ஆரம்பித்துவிட்டால் எங்கள் தெருவில் ரெண்டே கட்சிதான். ஒன்று மஞ்சள் கட்சி. இன்னொன்று நானும் எங்கள் சித்தப்பாவும்.

ரயில் பாதையில் பார்த்தால் ஆம்பூர் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஏறக்குறைய நட்ட நடுவில் இருக்கிறது. நியாயமாக ஊரில் பாதிப் பேராவது பெங்களூருக்குக் கத்த வேண்டும். ஆனால் தோனி என்று ஒருத்தர் இருக்கும்போது கிலோமீட்டர் கணக்கெல்லாம் எவன் பார்க்கிறான்?

"எப்படிடா போயும் போயும் அந்த டீம்கிட்ட மாட்டின?" என்று கேட்காத ஆள் காலேஜில் இல்லை. எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சித்தப்பாதான் காரணம். அவர் இங்கே ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். தோலை விரித்துப் போட்டு, கீறல், தழும்பு, உண்ணி கடித்த தடம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் ஷூவின் மேல்பாகத்துக்குத் துண்டு எடுக்கிற வேலை. (கிரிக்கெட் பந்தும் தோல்தான். ஆனால் அதெல்லாம் மீரட், ஜலந்தர் பக்கம். நமக்கு செருப்பும் ஷூவும்தான்.) அதற்கு முன்னால் சில வருஷம் பெங்களூரில் ஒரு பை தைக்கிற பட்டறையில் இருந்தார். 2008-ல் ஐ.பி.எல். தொடங்கியபோது டிராவிட்தான் பெங்களூர் கேப்டன். சித்தப்பாவுக்கு டிராவிட் என்றால் குலதெய்வம் மாதிரி. அவ்வளவுதான், மாட்டிக்கொண்டார்.

முதல் மேட்ச்சே கொல்கத்தாவோடு. மெக்கல்லம் ஒரே ஆளாக 158. பெங்களூர் மொத்த டீமும் சேர்ந்து 82. அதில் எக்ஸ்ட்ராஸ் மட்டும் 19, எந்த பேட்ஸ்மேனும் அதைத் தாண்டவில்லை! இதைப் பார்த்த பிறகும் ஒருத்தர் அந்த டீமோடு இருக்கிறார் என்றால் அவரை என்ன சொல்வது? 2009-ல் தென்னாப்பிரிக்காவில் ஃபைனலுக்குப் போனார்கள். கும்ப்ளே 4 விக்கெட் எடுத்தும், ஹைதராபாத்திடம் 6 ரன்னில் தோல்வி. இந்த ஆறை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2011-ல் டிராவிட் ராஜஸ்தானுக்குப் போய்விட்டார். கும்ப்ளே ரிட்டயர் ஆகிவிட்டார். சித்தப்பா மட்டும் எங்கேயும் போகவில்லை.

அந்த வருஷம்தான் ஊரோடு வந்து சேர்ந்தார். வரும்போது மெஜஸ்டிக் பிளாட்பாரத்தில் எனக்கு ஒரு சிவப்பு ஜெர்சி வாங்கி வந்தார். எனக்கு ஏழு வயசு. முட்டி வரைக்கும் தொங்கியது. அதை மாட்டிக்கொண்டு நான் பார்த்த முதல் ஃபைனல், சேப்பாக்கத்தில், சென்னையோடு. அந்த சீசன் முழுக்க எல்லாரையும் துவைத்துக் காயப்போட்ட கெய்லை, நம்ம அஷ்வின் முதல் ஓவரிலேயே முட்டைக்கு அனுப்பினார். தெருவில் சரவெடி. 58 ரன்னில் தோற்றோம். நான் அழுதுகொண்டே ஜெர்சியைக் கழட்டப் போனேன்.

"கழட்டாதடா. அடுத்த வருஷம் பாரு" என்றார் சித்தப்பா.

அடுத்த வருஷம் என்ன ஆச்சு? அதே சேப்பாக்கம், ஏப்ரல் மாதம். 205 அடித்துவிட்டோம். கடைசி ரெண்டு ஓவரில் சென்னைக்கு 43 வேண்டும். ஜெயிச்சாச்சு என்று நான் வாசலுக்கே போய் நின்றேன், பசங்களை வெறுப்பேற்றலாமே என்று. 19-வது ஓவரை யாரிடம் கொடுத்தார்கள் தெரியுமா? விராட் கோலியிடம்! சொந்த செலவில் சூனியம் என்பது இதுதான். ஆல்பி மார்க்கெல் அந்த ஒரு ஓவரில் 28 அடித்தார். கடைசிப் பந்தில் ஜடேஜா பவுண்டரி. வாசலில் நின்ற நான் அப்படியே நைசாக உள்ளே வந்துவிட்டேன்.

2016 பற்றி அதிகம் பேச மாட்டேன். கோலி அந்த ஒரு சீசனில் 973 ரன். ஃபைனல் பெங்களூரிலேயே. 209 வேண்டும், 114 வரைக்கும் விக்கெட்டே விழவில்லை. 8 ரன்னில் தோற்றோம். அன்றைக்கு சித்தப்பா "அடுத்த வருஷம்" என்று சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். அந்த அடுத்த வருஷம் 49-க்கு ஆல் அவுட்.

தோற்றதைக் கூடத் தாங்கலாம். 2018-ஐத் தாங்கவே முடியவில்லை. காவிரிப் போராட்டத்தில் சென்னையின் ஹோம் மேட்ச்சுகளைப் புனேவுக்கே மாற்றிய வருஷம். "தண்ணி குடுக்காதவன் டீமுக்கு சப்போர்ட் பண்றியே, நீயெல்லாம் தமிழனாடா?" என்று ஸ்கூலில் ஒருத்தன் கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கள் பாலாறும் கர்நாடகத்தில்தான் பிறக்கிறது. எங்களுக்கு வந்து சேருவது பெரும்பாலும் மணல்தான். வாஷிங்டன் சுந்தர் அந்த டீமில்தானே ஆடுகிறார் என்று இழுத்துப் பார்த்தேன். எடுபடவில்லை. சித்தப்பாவிடம் வந்து சொன்னபோது, "தண்ணிக்கு நாமளும் போராடுவோம். சாயங்காலம் மேட்ச் பாப்போம்" என்றார். சரியான பதிலா என்று எனக்கு இன்னும் தெரியாது.

அமெரிக்காவில் பேஸ்பாலில் சிகாகோ கப்ஸ் என்று ஒரு டீம், 1908-க்குப் பிறகு 2016-ல்தான் ஜெயித்ததாம். 108 வருஷம்! இதை ஒரு நாள் சித்தப்பாவிடம் சொன்னேன். "அப்ப நமக்கு இன்னும் டைம் இருக்கு" என்றார். நம்ம பெண்கள் டீம் 2024-ல், தங்கள் ரெண்டாவது சீசனிலேயே கப் வாங்கியபோது, "பசங்களை அவங்ககிட்ட டியூஷன் அனுப்பச் சொல்லு" என்றார்.

இனி 2025. பதினெட்டாவது சீசன், கோலியின் ஜெர்சி நம்பரும் 18. இந்த மாதிரி ஜோசியமெல்லாம் எங்களுக்கு எல்லா வருஷமும் உண்டு, அதை விடுங்கள். ஆனால் மார்ச்சில் சேப்பாக்கத்திலேயே சென்னையை 50 ரன்னில் அடித்தார்கள். 2008-க்குப் பிறகு அங்கே ஜெயிப்பது அதுதான் முதல் தடவை. எனக்கு லேசாக வயிற்றைக் கலக்க ஆரம்பித்தது.

ஜூன் 3, அகமதாபாத், பஞ்சாபோடு ஃபைனல். நம்மவர்கள் 190. கடைசி ஓவரில் பஞ்சாபுக்கு 29 வேண்டும். ஹேசில்வுட் முதல் ரெண்டு பந்தும் ரன் கொடுக்கவில்லை. கோலி மைதானத்திலேயே கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அதற்கப்புறம் ஷஷாங்க் சிங் நாலு பந்தில் 22 அடித்தார். ஆனாலும் ஜெயித்துவிட்டோம். எத்தனை ரன்னில்? ஆறு.

சித்தப்பா கத்தவில்லை. டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழு வருஷமாகச் சொல்லிப் பழகிய வசனம் அன்றைக்கு உதவவில்லை போல. கடைசியில் "தூங்குடா. காலையில பெங்களூர் போலாம்" என்றார்.

போகவில்லை. ஷிப்மென்ட் இருக்கிறது என்று அவருக்கு லீவு கிடைக்கவில்லை. "நீ மட்டும் போய்ட்டு வா" என்றார். அவர் இல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை. உண்மையைச் சொன்னால் கோபம்தான். போனைத் தூக்கிப் போட்டுவிட்டு மதியம் முழுக்கத் தூங்கினேன்.

எழுந்து பார்த்தால் பதினாலு மிஸ்டு கால். எல்லாம் மஞ்சள் கட்சிக்காரர்கள். முதலில் எடுத்தவன், காவிரி கேட்ட அதே ஆள்: "டேய், நீ பெங்களூர் போகலையே?"

சின்னசாமி ஸ்டேடியம் வாசலில் நெரிசல். 11 பேர் செத்துப் போனார்கள். எங்களை மாதிரி ஜெர்சி போட்டுக்கொண்டு பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தவர்கள், நிறைய பேர் என் வயசு, சிலர் என்னைவிடச் சின்னவர்கள். "அந்த டீமுக்கு உயிரையே குடுப்பேன்" என்று நான் எத்தனை தடவை பேச்சுக்குச் சொல்லியிருப்பேன்! அத்தனை வருஷம் தோற்றபோது எங்கள் தெருவில் யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. நான் அழுதிருக்கிறேன், அவ்வளவுதான்.

ஷிஃப்ட் முடிந்து சித்தப்பா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் டிவி முன்னால் உட்கார்ந்தார். ஸ்டேடியம் வாசலைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். தடுப்புக் கம்பி சாய்ந்து கிடந்தது. ரோடு முழுக்க செருப்பும் ஷூவும், ஜோடி ஜோடியாக இல்லாமல், ஒத்தை ஒத்தையாக.

சித்தப்பா டிவி பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். கம்பெனியில் துண்டைப் பார்க்கிற மாதிரியே.

"இதெல்லாம் அஞ்சு, ஆறு சைஸுடா" என்றார். "சின்னப் பசங்க."

அம்மா காபி கொண்டுவந்து வைத்தார். ரெண்டு பேருமே குடிக்கவில்லை. அந்த முட்டி வரை தொங்கிய ஜெர்சி, இப்போது போட்டால் தொப்புளுக்கு மேலே நிற்கும், கொடியில்தான் காய்ந்துகொண்டிருந்தது. முந்தின நாள் ராத்திரி நான்தான் தோய்த்துப் போட்டிருந்தேன், ஊர்வலத்தில் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கலாம் என்று. மழை வருகிற மாதிரி இருந்தது. சித்தப்பா எழுந்து போய் அதை எடுத்து மடித்து என் மடியில் வைத்துவிட்டு, வீட்டுக்குக் கிளம்பினார்.